கன்ட்ரோல் அண்ணாச்சியின் இரண்டு டீசல் இன்ஜின்கள்

ரிட்டயர் ஆன பிறகும் ஒரு நாள்கூட லீவு போடாமல் டியூட்டி பார்க்கிற ரயில்வேக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். வங்காளத்தில், டாலிகஞ்ச் காலனியில் எனக்கு எதிர் வீட்டில் இருந்த கன்ட்ரோல் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று போனிலேயே உத்தரவு போடும் கன்ட்ரோலர் உத்தியோகம். கடைசி நாளன்று ஆபீஸில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுஷன் மாலையைக் கழற்றி வைத்த கையோடு, இரண்டாவது படுக்கையறையில் குட்டித் தண்டவாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

யாராவது அதைப் பொம்மை ரயில் என்றால் தொலைந்தார்கள். டைம்டேபிள் உண்டு. சிக்னல் உண்டு. மேஜையின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு இன்டர்காம். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. அண்ணாச்சி என் கதவைத் தட்டினார்.

"தம்பி, பாசஞ்சர் பன்னெண்டு நிமிஷம் லேட்டு. கரண்ட் போனது நெசம்தான்னு சாட்சிக் கையெழுத்து போடுங்க."

போட்டேன். வேறென்ன செய்வது? இன்னொரு நாள் தண்டவாளத்தில் பல்லி உட்கார்ந்துவிட்டது. எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, ரிஜிஸ்தரில் 'பாதையில் கால்நடை' என்று எழுதினார். பல்லி தானாகப் போகும்வரை எதுவும் நகரவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை. அந்தக் காலத்து பாசஞ்சர் டீசல் இன்ஜின் தன்னிடம் இல்லை என்பது. கரியாஹாட்டில் யாரோ கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். இரண்டு இன்ஜின்களை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். சிவப்பும் க்ரீமுமாகப் புது பெயின்ட் அடித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டும் நீள இன்ஜின். அவர் போட்டிருந்த வளைவில் திரும்பாமல் குப்புற விழுந்தன. வளைவைப் பெரிதாக்கினார். அதற்கு மேஜையைப் பெரிதாக்கினார். அதற்கு இடமில்லாமல் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டார்.

மதினி என்று நான் கூப்பிடும் அவருடைய வீட்டம்மா, அதுவரை பொறுமையின் சிகரம். காலனியில் தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அ, ஆ சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் ஹாலில் பிரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு படிக்கும். கட்டில் வந்ததும் அந்த இடமும் போயிற்று.

"ரெண்டு இன்ஜினுக்குக் கட்டில் போச்சு. மூணாவது வந்தா நான் போணும், அப்படித்தான?" என்று பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நாலரைக்குப் பிள்ளைய வந்துரும். அதுக்குள்ள உங்க புது இன்ஜின் ஒரு சுத்து முழுசா வந்துட்டா ரூம் உங்களுக்கு. வரலியா, எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டு ரூமை எனக்கு விட்டுரணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்," என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிறு நான்கு மணிக்குச் சோதனை ஓட்டம். மேல் வீட்டு வங்காளி தாதா, அதாவது அவர்கள் பாஷையில் அண்ணன், ஒரு ஸ்டேஷனுக்கு மாஸ்டர், நான் இன்னொன்றுக்கு. கன்ட்ரோலில் அண்ணாச்சி. இரண்டு டீசலும் ஆறு பெட்டியை இழுத்துக்கொண்டு தாதாவின் ஸ்டேஷனிலிருந்து கிளம்பின. அந்த நேரம் பார்த்து எனக்கு டெலிவரிக்காரனின் போன். கீழே வந்து ஓடிபி சொல்ல வேண்டுமாம். இதோ வந்துவிடலாம் என்று இறங்கினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. சனியன்!

திரும்பி வந்தபோது மணி நாலு இருபத்தைந்து. அந்தப் பாழாய்ப்போன வளைவை இன்ஜின்கள் அழகாகத் திரும்பி வந்திருந்தன. வந்து, என் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. சிக்னல் சிவப்பு. பச்சையாக்க வேண்டிய நான் ஓடிபி சொல்லப் போயிருந்தேன்.

"ஓ தாதா, ஏக்டு ச்சேடே தின் நா!" கொஞ்சம் விட்டுவிடுங்களேன் என்று வங்காளி தாதா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"செவப்பைத் தாண்டச் சொல்லுதீயளோ?" என்றார் அண்ணாச்சி.

நான் பாய்ந்துபோய் ஸ்டூலில் உட்காரப் போனேன்.

"தொடாதீய. டியூட்டியில பாதியில போன மாஸ்டர் மறுபடி உக்கார முடியாது. நீங்க சஸ்பெண்டு."

"அண்ணாச்சி, ரூம் போயிரும்!"

"போனா போவட்டும்." சொல்லிவிட்டார். கண் மட்டும் அந்த இரண்டு இன்ஜின்களை விட்டு நகரவில்லை.

வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மதினி கடிகாரத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். என்னை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு, இன்டர்காமை எடுத்தார்.

"கன்ட்ரோல், புது மாஸ்டர் சார்ஜ் எடுத்தாச்சு. லைன்ல ஒண்ணுமில்ல. வண்டிய உள்ள எடுக்கேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி மேடம்," என்றார்.

சிக்னல் பச்சையானது. வண்டி என் பிளாட்பாரத்தைக் கடந்து, ஒரு சுற்றை முடித்து, தாதாவின் ஸ்டேஷனில் போய் நின்றபோது நாலரைக்கு இன்னும் அரை நிமிஷம் இருந்தது. பிள்ளைகள் வங்காளத்தில் கூச்சல் போட்டன. மதினி எழுந்து, அவர்களை ஹாலுக்கு ஓட்டிக்கொண்டு போய், கட்டில்மேலேயே வரிசையாக உட்கார வைத்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பின்னாலேயே போனேன். "என்ன மதினி, கைக்கு வந்த ரூமை விட்டுட்டீங்களே?"

"ரூமுக்காக அவிய செவப்பைத் தாண்டியிருந்தா, இப்பவே எல்லாத்தையும் கழட்டியிருப்பேன் தம்பி," என்றார். "தாண்ட மாட்டாவ. அதான்."

நான் இப்போது நியூ டவுனில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறேன். லிப்ட் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் அந்த இரண்டு பேருக்கு எதிர் வீட்டில் ஐந்து வருஷம் குடியிருந்தேன் பாருங்கள், அதற்கு நான் கொடுத்து வைத்திருக்கிறேன்.