மேகத்துக்குள் உங்கள் மகள்

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். அதாவது, தற்சமயம் தரையில் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

உங்கள் மகளை நீங்கள் கண்டிக்க வேண்டும். பல் டாக்டராகத்தான் எனக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். பைலட் லைசென்ஸ் அவளாக வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானத்தில் என்னையும் ஏற்றினாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஏறுவதும் இறங்குவதும் புதிதா என்பீர்கள். என் லிஃப்டைக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும், அத்தை! ஏறும்போதே காது அடைத்தது. ஒரு குலுக்கலில் என் கை தானாக 'ஸ்டாப்' பட்டனைத் தேடியது. திரும்பும் வழியில் எதிரே மேகக் கூட்டம். "சுத்திக்கிட்டுப் போயிடலாமே" என்றேன். "நடுவுல சந்து தெரியுதுங்க, புகுந்துடலாம்" என்றாள், ஏதோ காய்கறிக் கடைக்குக் குறுக்கு வழி போல. புகுந்தோம். சந்து மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. சத்தியமாகச் சொல்கிறேன், விமானம் என் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. நான் அவள் தோளில் தொற்றிக்கொண்டு, "சாயுது, சாயுது, நிமித்து!" என்று அலறினேன்.

"சாய்வு காட்டுற மீட்டர்ல கோடு நேரா இருக்கு. உங்க உடம்பு புளுகுது."

"உன் உடம்பு என்ன சொல்லுது?"

மீட்டர் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "அதுவும் சாயுதுன்னுதான் சொல்லுது" என்றாள்.

அத்தை, அதோட நான் அவ தோளை விட்டுட்டு சீட்டைப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு உடம்பு ஒரு கட்சி, உள்ளங்கை அகல மீட்டர் எதிர்க்கட்சி. அவ மீட்டர் பக்கம் நின்னா. கண்ணை அதுலேர்ந்து எடுக்காம, மெல்ல மெல்ல வளைச்சு வந்த வழியே வெளியே கொண்டாந்துட்டா. பார்த்தா, பூமி யோக்கியமா கீழேயே இருக்கு! இறங்கியதும் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவமே என்று தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, "ஜிவ்வுன்னு இருந்துச்சு, இல்ல?" என்று கேட்கிறாள்! எனக்கு இன்னமும் நாற்காலி சாய்கிறது.

என் பேச்சு எடுபடாது. ரோடு தாண்டக்கூட என் கையைப் பிடிக்கும் நிதானஸ்தர் நீங்கள். பெற்றவள் சொன்னால் கேட்பாள்.

இருவர் ஆசியும் வேண்டும்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் மகள் இதைப் படித்துச் சிரித்துவிட்டு, போனில் ஒரு வீடியோ காட்டினாள். போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது எடுத்ததாம். அதே சீட்டில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ மூக்கைக் கீழே கவுத்துடி, வயித்துல ஜிலீர்னு இருக்கு!" என்று கூவுவது நீங்கள். ஆகவே மேலே 'அத்தை' என்று வரும் இடத்திலெல்லாம் 'மாமா' என்று திருத்தி, அவரிடம் கொடுத்துவிடவும்.