புளி போட்டு மினுக்கிய விசில்

புளி போட்டு மினுக்கக்கூடாத பித்தளையும் இந்த உலகத்தில் இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். அதுவும் என் அண்ணா செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, ஐயர் உட்பட அறுபது எழுபது பேருக்கு முன்னால்.

அண்ணாவின் பெயர் நிமலன். வவுனியாவில் பஞ்சர் ஒட்டுகிற ஒரு ரயர் கடையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உருத்திரபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். அப்படி வந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, ஒரு மாடு ரோட்டைக் கடக்க நினைத்தது. அண்ணாவின் மோட்டார் சைக்கிள் அதற்கு முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. (இன்றைக்கும் மாட்டைக் கண்டால் நான் கதைக்கிறதில்லை.)

கடையிலிருந்து அவருடைய பையைக் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டு சேட், ஒரு சாரம், ஒரு சவர்க்காரப் பெட்டி, அந்த விசில். அண்ணா அதை ‘ரின் விசில்’ என்பார். ஒரு அடி நீளப் பித்தளைக் குழாய், ஆறு துளை, வாய் வைக்கிற பக்கம் பச்சை பிளாஸ்டிக். ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு ரயர் ஒட்டிக் கொடுத்தபோது, அவர் தன் பையிலிருந்து இரண்டை எடுத்து நீட்டி, விருப்பமானதை வைத்துக்கொள் என்றாராம். ஒன்று வெள்ளி மாதிரி மினுங்கியதாம். நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்திருப்பேன். அண்ணா இரண்டையும் ஊதிப் பார்த்துவிட்டு மங்கலானதை எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “வெள்ளையை ஊதினன், கூவிச்சுது. மஞ்சளை ஊதினன், கதைச்சுது” என்றார்.

எட்டாம் நாள் செலவுக் கிரியை முடிந்த கையோடு பெரியப்பா அந்தியேட்டிக்குப் பட்டியல் போட உட்கார்ந்தார். அப்பா இல்லாத வீடு, ஆகவே எல்லாவற்றுக்கும் பெரியப்பாதான். ஐயருக்குத் தானம் கொடுக்கக் குடை, செருப்பு, வேட்டி, செம்பு என்று சொல்லிக்கொண்டு வந்தவர் விசிலைக் கண்டார்.

“இதையும் தானத்தோட வையுங்கோ. அவன்ர சாமான் அவனுக்குப் போய்ச் சேரட்டும்.”

“எனக்கு வேணும் பெரியப்பா” என்றேன்.

“உனக்கு ஊதத் தெரியுமோ?”

“ஓம்.”

“எங்க, ஊது பாப்பம்.”

எனக்குத் தெரிந்த ஒரே குழல் கலண்டரில் கிருஷ்ணர் வைத்திருப்பதுதான். அவர் பிடிக்கிற மாதிரியே குறுக்காகப் பிடித்து, ஒரு காலையும் கொஞ்சம் மடித்து, துளைக்குள் ஊதினேன். காற்றுத்தான் போனது.

“கிருஷ்ணர் வடிவாத்தான் நிக்கிறார்” என்றார் பெரியப்பா. “சத்தத்தைத்தான் காணேல்லை.”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தா. “முப்பத்தொண்டு வரைக்கும் பிள்ளைக்கு விடுங்கோ அத்தான்.”

பெரியப்பா யோசித்தார். “சரி. அவன் ஊதுற பாட்டை அண்டைக்கு நீ ஊதவேணும். சும்மா கீச்சிடுறேல்லை. கேக்கிற சனத்துக்கு இது இன்ன பாட்டெண்டு விளங்கவேணும். விளங்கினால் உனக்கு. இல்லாட்டி ஐயருக்கு.”

(ஐயர் அதை வைத்து என்ன செய்திருப்பார் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.)

அண்ணா ஊதுகிற பாட்டு எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்தால் கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்று ஊதுவார். ஒரே பாட்டுத்தான். இரண்டு சத்தம் மாறி மாறி நடுங்கும், பிறகு மெதுவாகக் கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் நிற்பார். நெடுநேரம் நிற்பார். திரும்ப முதலில் இருந்து தொடங்குவார். நான் தண்ணி அள்ளப் போனால் விசிலைச் சாரத்துக்குள் ஒளித்துவிடுவார். என்ன பாட்டு என்று கேட்டால் சிரிப்பார், சொல்லமாட்டார். இப்படி நடுங்கி நடுங்கி, பாதியில் நின்று போகிற பாட்டு வேறு என்னவாக இருக்கும்? வவுனியாவில் ஒரு பெட்டை இருக்கிறாள், அவள் வேண்டாம் என்றிருக்கிறாள், அதுதான் அண்ணா இப்படி உருகுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். அந்தியேட்டிக்கு அவள் வருவாள், நான் ஊதுவேன், அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். அவளுக்கு என்ன நிறத்தில் சீலை என்பதும் முடிவாகிவிட்டது.

போனில் தேடியபோது சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் ஊதிக் காட்டினார். ஐந்து நிமிஷம் இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஐந்து நிமிஷமும் விளங்காது, ஆகையால் தள்ளிவிட்டு விரலை மட்டும் பார்ப்பேன். நேராகப் பிடிக்கவேண்டும் என்பதே அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. துளையை விரல் நுனியால் அல்ல, சதையால் மூடவேண்டும். ஒரு துளையில் மயிரளவு நீக்கல் இருந்தாலும் கோழிக்குஞ்சு மிதிபட்ட சத்தம் வரும். மெதுவாக, சோற்றுக்கு ஊதுகிற மாதிரி ஊதினால் கீழ்ச்சத்தம். அதே விரலை வைத்துக்கொண்டு பலமாக ஊதினால் அதே சத்தம் ஒரு தென்னை உயரம் மேலே போய் நிற்கும். விரலை அசைக்காமல் மூச்சால் மட்டும் ஒரு சத்தம் எப்படி மாடி ஏறுகிறது? இதை நான் கிணற்றடியில் நின்று நூறுமுறை ஊதி ஊதிப் பார்த்தேன். துக்க வீட்டில் இருப்பதே அந்த நேரங்களில் மறந்துபோகும். பிறகு நினைவு வரும். பிறகு வெட்கமாக இருக்கும். திரும்பவும் ஊதுவேன்.

அண்ணா போன இருபத்தைந்தாம் நாள் அந்தப் பாட்டு வந்துவிட்டது. அண்ணா மாதிரியே மெதுவாக, கீழ்ச்சத்தத்தில், அதே இடத்தில் நின்று. திரும்பிப் பார்த்தால் அம்மா குசினி வாசலில் நின்றா. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டா.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் அயல் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினார்கள். பித்தளை என்றால் எங்கள் ஊரில் இதுதான் வைத்தியம். நானும் விசிலைக் கொண்டுபோய்ப் புளித்தண்ணிக்குள் ஊறப்போட்டேன். உள்ளே ஊத்தை இருக்கும் என்று வாய்ப்பக்கத்தாலும் புளியைத் திணித்து, ஈர்க்கால் குத்தி, கழுவி, வெயிலில் வைத்தேன். தங்கம் மாதிரி இருந்தது. ஊதிப் பார்க்க நேரம் இல்லை. தேங்காய் துருவப் போய்விட்டேன்.

மறுநாள் காலையிலேயே கிரியை தொடங்கியது. முடியும்போது மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. வவுனியாவிலிருந்து கடை முதலாளியும் வேலை செய்கிற மூன்று பெடியளும் வந்திருந்தார்கள். பெட்டை ஒருத்தியும் வரவில்லை. சாம்பார் வாசம் வந்துகொண்டே இருந்தது, சாம்பார் வரவில்லை. சனம் பசியில் வாடிப்போய் இருந்தது. பெரியப்பா கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, அந்தச் சாமானைக் கொண்டு வா. ஊதிப்போட்டுப் பந்தி வைப்பம்.”

நான் அண்ணாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஊதினேன். ஒன்றும் இல்லை. இன்னொருமுறை ஊதினேன். குக்கர் மூடி திறந்த மாதிரி ஒரு ‘புஸ்’. பின்னால் யாரோ, “பாவம் பிள்ளை, அழுறா போல” என்றார்கள். தானத்துக்கு வைத்திருந்த குடைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் இடம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. விசிலுக்கான இடம். அடிவயிற்றில் இருந்த மூச்சு முழுவதையும் எடுத்து ஊதினேன்.

புளித்தும்பு ஒன்று குறுக்கே பறந்துபோய் ஐயரின் குடையில் ஒட்டியது. அதற்குப் பின்னால் சத்தம் வந்தது. கீழ்ச்சத்தம் அல்ல, தென்னை உயரச் சத்தம். மூச்சைக் குறைக்கப் பயம், குறைத்தால் நின்றுவிடும். பயத்தில் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. அண்ணா ஒரு நிமிஷம் எடுக்கிற பாட்டை நான் பத்துச் செக்கனில் ஊதி முடித்து, நிற்கத் தெரியாமல் திரும்பவும் தொடங்கினேன்.

முதலில் கிளம்பியது பக்கத்து வீட்டு வசந்தியக்கா. சமையலில் நின்றவ, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பையையும் இழுத்துக்கொண்டு நேராக வாசல் படலையடிக்கு ஓடினா. பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் ரோட்டை எட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடியிருந்த பெரியப்பா, மூடியபடியே, “ரெண்டு றாத்தல் வாங்கி வையுங்கோ. பின்னேரமும் ஆக்கள் நிப்பினம்” என்றார்.

நான் ஊதுவதை நிறுத்தினேன்.

படலையில் இருந்து வசந்தியக்காவின் குரல் வந்தது. “எங்க அந்தப் பாண் ஓட்டோ? இப்பத்தானே பாட்டுக் கேட்டது.”

ஆமாம். டவுனில் பின்னேரம் பின்னேரம் பேக்கரியிலிருந்து பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டபடி திரியுமே, அந்த ஓட்டோவின் பாட்டு. எங்கள் வாய்க்கால் பாதைக்கு அது வருவதில்லை. ஆனால் கிளிநொச்சிக்குப் போகும்போதெல்லாம் நானும் கேட்டதுதான். இத்தனை நாள் அதே பாட்டை ஊதியும் எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாக ஊதினால் எந்தப் பாட்டும் துக்கப் பாட்டாகிவிடும்போல.

வவுனியாப் பெடியளில் ஒருவன் வாயைப் பொத்தினான். பொத்தியும் அடங்கவில்லை. மற்ற இருவரும் எழும்பி வெளியே ஓடினார்கள். எனக்கு நிலம் பிளக்கவேண்டும்போல் இருந்தது. அண்ணாவை எல்லாரும் சிரிக்கும்படி செய்துவிட்டேன்.

முதலாளி எழும்பி அம்மாவிடம் வந்தார். “குறை நினையாதேங்கோ அம்மா. பெடியள் தங்கச்சியைப் பாத்துச் சிரிக்கேல்லை. நிமலன் கடைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு இதைத்தான் ஊதுறவன். இவங்கள் காசை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாங்கள். அங்க ஒருத்தரும் இருக்காது. ஒருக்கால் நானும் ஓடினனான்.”

“பிறகு?” என்றா அம்மா.

“ஒருநாள் பாண்காரரே ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்தவர், தன்ர இடத்தில வேற ஆர் விக்கிறதெண்டு பாக்க. பிறகு ரெண்டுபேருக்கும் பேச்சு. இவன் ஊதாமல் இருந்தால் நாளுக்கொரு பணிஸ்.”

“என்ன பணிஸ்?” என்று அம்மா கேட்டா.

“மாலு பணிஸ், அம்மா. மீன் வச்சது.”

“ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவனோ?”

“ஒரு நாளும் விடேல்லை.”

“போனில கேட்டால், சாப்பிட்டனான் அம்மா எண்டுதான் சொல்லுவான்” என்றா அம்மா. “நான்தான் நம்பிறேல்லை.” சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தா. பிறகு முதலாளியின் கையைப் பிடித்து, “இருங்கோ, சாப்பிட்டுப்போட்டு இன்னும் சொல்லுங்கோ. வேற என்ன செய்தவன்?” என்று கேட்டா.

வீட்டில் நாலு வார்த்தை கதையாத அண்ணா அங்கே என்னவெல்லாம் செய்திருக்கிறார். பந்தி முடிந்து பின்னேரம் வரை பெடியள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிணற்றடியில் அவர் நின்று நின்று ஊதியது உருகி அல்ல, அடுத்த துளையைத் தேடி. சரியாக வராவிட்டால் ஆட்கள் ஏமாறமாட்டார்கள் அல்லவா.

விசில் கதையைப் பெரியப்பா கடைசிவரை எடுக்கவே இல்லை. ஐயர்தான் புறப்படும்போது குடையில் இருந்த புளித்தும்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “சனத்துக்குப் பாட்டு விளங்கவேணும் எண்டனீங்களாம். ரெண்டு றாத்தல் பாண் கேட்ட ஆள் நீங்கள்தானே.”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “பிள்ளையே வச்சிருக்கட்டும்.”

வைத்திருக்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணியால் மட்டும் கழுவுகிறேன், ஈர்க்கில் பழைய சீலைத் துண்டைச் சுற்றித் துடைக்கிறேன், மங்கினால் மங்கட்டும் என்று விடுகிறேன். அந்தப் பாட்டுக்கு மிச்சம் என்ன என்பதுதான் இப்போது என் யோசனை. கிளிநொச்சியில் ஒரு பாண்காரரை மறித்துக் கேட்டேன். “எனக்கும் இவ்வளவுதான் தங்கச்சி தந்தவங்கள்” என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாராவது தேவைக்கு மேல் முகத்தைத் தொங்கப்போட்டால், “ரோட்டைப் பார், பாண் வருது” என்று அம்மா சொல்லுவா. பெரியப்பாவோ ஊரில் எந்தச் செத்த வீட்டில் என்னைக் கண்டாலும் முதலில் என் கைப்பையைத்தான் பார்ப்பார். “உதுக்குள்ள என்ன?” என்று கேட்பார். போன மாதமும் ஒரு வீட்டில் கேட்டார்.

“ஒண்டும் இல்லை பெரியப்பா. விசில் வீட்டிலதான்.”

சுற்றிவரப் பார்த்தார். எல்லாரும் அழுது களைத்துப்போய் இருந்தார்கள்.

“கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.