ஆரோன் ஓலையை மீட்ட படலம்

வாழ்க ஆரோன்! வெயில் வற்றாத புதுவை மாநகரில், மிஷன் வீதிக்குப் பின்சந்தில், மருந்துக்கடை மாடியேறிய மூன்றாம் அறையில், மின்விசிறி முழங்க, மானிட்டர் ஒளிர, சுழல்நாற்காலியில் கொலுவீற்றிருந்த விசைப்பலகை வேந்தன் வாழ்க! சுட்டெலியைக் கையால் தீண்டாத விரதன், கருந்திரையில் வெள்ளெழுத்தால் அமர்புரியும் அடலேறு, லூர்துநாதனாரின் தவப்புதல்வன், இருபத்தொன்பது பிராயத்திலும் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும் பெருந்தகை வாழ்க! அவன் தன் கலியாண ஓலையை மீட்கப் பொருத பெரும்போரை உரைக்கப் புகுந்தோம். போர் நாற்பது நிமிடம்தான் நடந்தது, கொஞ்சம் பொறுத்துக் கேட்கவும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் இருபத்துமூன்றாம் நாள், கண்ணாடிக்கடையில் பணிபுரியும் கயல்விழியாள் ஜெர்லினை ஆரோன் கைப்பிடிப்பதென இரு குடும்பத்துப் பெரியோரும் கூடி நாள் குறித்திருந்தனர். அதற்கு அடுத்த நாளுக்கு அடுத்த நாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் கழியும்வரை கோயிலில் தாலி ஏறாது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம் என்று ஓலை வாசித்தாக வேண்டும். பெண் வீட்டாரின் பங்குக் கோயில் சாமியார் எழுதி ஒட்டிக் கொடுத்த கடிதம் மாப்பிள்ளையின் பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே முதல் ஓலை. அதற்குக் கடைசிக் கெடு ஏழாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஆறு அடித்ததும் எழுத்தர் ஆரோக்கியம் ஓலைப் புத்தகத்தை மூடுவார். மூடினால் மூடியதுதான், யார் போய்க் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்.

இத்தகு பெரும்பொறுப்பை மானிட மறதியிடம் ஒப்படைப்பானோ மாவீரன்? படமில்லாத, பொத்தானில்லாத, வண்ணமென்பதே அறியாத, கட்டளைச் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்டுப் பணிகளை எண்ணிட்டு நிறுத்தும் மென்பொருள் ஒன்றை இணையக் கடல் கடைந்து இறக்கியிருந்தான். 'ஆட்' எனத் தட்டினால் புதுப்பணி படையில் சேரும். 'லிஸ்ட்' என்றால் படை அணிவகுக்கும். 'டன்' என்று எண்ணைச் சொன்னால் முடிந்த பணி மறையும். கலியாண வேலைகள் அறுபத்துநான்கையும் அதில் ஏற்றிவிட்டு, "இதுல இல்லாத வேல உலகத்துலயே இல்ல!" என்று அலுவலகம் அதிர முழங்கினான். அன்றுமுதல் பட்டியலைக் கேட்காமல் அவன் தலைகூட வாரியதில்லை.

விதி வியாழனன்று விளையாடியது. மூன்றாம் எண்ணில் தையற்கடைக் கோட்டு, நான்காம் எண்ணில் மைக்செட், ஐந்தாம் எண்ணில் ஓலைக் கடிதம். கோட்டையும் மைக்செட்டையும் முடித்து வாகைசூடி வந்த வீரன் 'டன் மூன்று' என்று தட்டினான்; கோட்டு மறைந்தது. முன்னவன் மறைந்தால் பின்னவன் ஓரடி முன்னேறி அவ்விடத்தில் நிற்பது அந்தப் படையின் வழக்கம். மைக்செட் மூன்றாம் இடத்துக்கும் ஓலை நான்காம் இடத்துக்கும் நகர்ந்து நின்றன. அதைத் திரும்பிப் பாராமல், பழைய எண்ணின் நினைப்பிலேயே 'டன் நான்கு' என்றான், அந்தோ! கொடுக்காத ஓலை கொடுத்ததாகி மறைந்தது. சொல்லி முடித்த மைக்செட் சொல்லாததாகி நின்றது. மறுநாள் பட்டியலின் ஆணையைச் சிரமேற்கொண்டு மைக்செட் பக்கிரியிடம் மீண்டும் போனான். "நேத்துதான சார் வந்து சொல்லிட்டுப் போனீங்க?" என்றார் பக்கிரி. பட்டியலில் இருந்ததால் ஆரோன் இன்னொரு முறையும் சொல்லிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு ஜெர்லினின் போன் வந்தது.

"ஓலய குடுத்துட்டீங்களா? ஆரோக்கியம் சாருக்கு போன் போட்டேன், இன்னும் வரலன்றாரு."

ஆரோன் 'லிஸ்ட்' தட்டினான். ஓலை இல்லை. "குடுத்தாச்சி. லிஸ்ட்டுலயே இல்லியே!"

"லிஸ்ட்ட விடுங்க. பைய தொறந்து பாருங்க."

திறந்தான். டிபன் டப்பாவுக்கு அடியில், ஓரத்தில் ரசக்கறையோடு, ஒட்டியது ஒட்டியபடி கிடந்தது கடிதம். அதை எடுத்து மேசைமேல் வைத்தான். ஈஸ்டர்வரை தள்ளிப்போனால் ஜெர்லின் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று உண்மையாகவே பயந்தான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கோயில் எட்டு நிமிட நடைதான். வேறொருவனாயின் அக்கணமே கடிதத்தோடு படியிறங்கி ஓடியிருப்பான். ஆனால் ஆரோனோ அறநெறி பிறழாதவன். முடிந்தது என்று பதிவான வேலையை ஒருவன் மறுபடி எப்படி முடிப்பது? மாண்ட பணியை முதலில் எழுப்ப வேண்டும். எழுப்பிய பின்னரே முறைப்படி முடிக்க வேண்டும். புதிதாக ஒரு 'ஆட்' தட்டினால் ஆகாதோ எனில், ஆகும்; ஆனால் பணி பிறந்த தேதி பொய்யாகிவிடும். பொய்த்தேதி ஏந்திய பட்டியலோடு வாழ்வதினும் வீழ்வதே மேல் எனத் துணிந்து, நாற்காலியை முன்னிழுத்து, விரல் பத்தையும் சொடுக்கி, 'அன்டூ' என்னும் பின்னோக்கு அஸ்திரத்தைத் தொடுத்தான்.

அந்த அஸ்திரமோ ஒரு தொடுப்புக்கு ஒரு செயலை மட்டுமே மீட்கும், அதுவும் கடைசியில் செய்ததை முதலில். ஓலைக்குப் பின் அவன் முடித்துத் தள்ளியவை பதினேழு! எழுந்தது கேக்; எழுந்தது வேன்; எழுந்தது பூக்காரி அஞ்சலாட்சிக்கு விலாசம் சொன்ன வேலை; எழுந்தன பந்தலும் பத்திரிகையும், ஷூவும் சாக்ஸும், சாகடித்த பகைவரெல்லாம் சட்டையை உதறிக்கொண்டு எழுவதுபோல எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் 'நிச்சயமா?' என்று கேட்டது. ஒவ்வொன்றையும் பின்னர் மறுபடி வீழ்த்தும்பொருட்டுத் துண்டுத்தாளில் குறித்தான். ஒன்பதாவதில் கணிப்பொறி உறைந்து நின்றது. அதை அணைத்து, எழுப்பி, கடவுச்சொல் ஈந்து, மீண்டும் களம் புகுந்தான்.

கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்த ஜெர்லின் மூச்சுவாங்க வாசலில் நின்றாள்.

"என்னங்க, எந்திரிங்க. மணி அஞ்சர தாண்டிடிச்சி."

"இரும்மா. இன்னும் ஏழுதான் இருக்கு. பாதியில உட்டா லிஸ்ட்டு கெட்டுடும்."

"லிஸ்ட்ட கட்டிக்கப் போறீங்களா, என்ன கட்டிக்கப் போறீங்களா?"

"ரெண்டே நிமிஷம்!" என்றான் வீரன், திரையினின்றும் விழி பெயராமல். ஜெர்லின் அவன் முதுகைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

பதினைந்து எழுந்தது. பதினாறு எழுந்தது. பதினேழாவதும் எழுந்து நிற்க, பதினெட்டாம் கணையில், முகில் கிழித்து எழும் முழுமதியென, வங்கக் கடல் பிளந்து வரும் செங்கதிரென, 'ஓலை கொடுக்க வேண்டும்' என்ற வரி தன் பிறந்த தேதி பிறழாமல், தன் கெடு குன்றாமல், தன் நான்காம் அரியணையில் தானே வந்தமர்ந்தது! மணி ஐந்து ஐம்பத்தைந்து. "எங்க, இப்ப யாரு வந்து தடுக்கிறாங்கன்னு பாத்துடறேன்!" என்று ஆர்த்தெழுந்து, நாற்காலி பின்னே உருண்டு பீரோவில் மோத, திசையெட்டும் அதிர, செருக்குற்ற களிறெனத் திரும்பி, வெற்றிக்கரம் நீட்டி மேசைமேலிருந்த கடிதத்தைத் துழாவினான் ஆரோன்.

அதை ஜெர்லின் ஐந்தே முக்காலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கீழே டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.