கறுவா மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் எந்தக் காரணத்தைக் கொண்டும் சைக்கிளில் போகக் கூடாது. காரில் போகலாம், பஸ்ஸில் போகலாம், முடிந்தால் போகாமலே இருந்துவிடலாம். இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், டென்மார்க் தமிழர் மத்தியில் என் மானம் இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்திருக்காது.

அப்போது நான் இக்காஸ்டில் அக்கா வீட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்த காலம். அக்காவின் சிநேகிதி ரதி அன்ரி ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் சிந்துஜா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மருந்துக் கடையில் வேலை. "வயசு இருபத்திமூண்டுதான். தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்" என்றார் அன்ரி. சாதகம் கேட்டபோது, பெண் வீட்டாருக்கு அதில் நம்பிக்கை இல்லையாம் என்றும் சொன்னார். என்ன முற்போக்கான குடும்பம் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. (முட்டாள் பயல், நன்றாகப் புல்லரித்தான்.)

பெண் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். தட்டில் தேத்தண்ணி ஏந்திக்கொண்டு எவன் முன்னாலும் வந்து நிற்கமாட்டாளாம். வெளியில் சந்திக்கலாம், சைக்கிள் ஓடலாம், பேசலாம். சில்கபோர்க் பக்கம் ஒரு பழைய ரயில் பாதை இருக்கிறது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு சைக்கிள்காரருக்கென்று விட்டிருக்கிறார்கள். கார் இல்லை, லொறி இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஏரி, அது முடிந்தால் இன்னொரு ஏரி. நடுவில் பழைய ஸ்டேஷன் ஒன்று ஐஸ்கிரீம் கடையாக மாறி நிற்கிறது. அவர்கள் அந்தக் கரையிலிருந்து வருவது, நான் இந்தக் கரையிலிருந்து போவது, கடை வாசலில் சந்திப்பது என்று ஏற்பாடு. அவர்கள் என்றால் பெண், அப்பா, அம்மா, மூன்று சைக்கிள். பெண்ணைத் தனியாக அனுப்புகிற அளவுக்கு முற்போக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

சந்திப்புக்கு முதல் நாள் பெண்ணின் அப்பா தொலைபேசியில் கதைத்தார்.

"தம்பி, குடிக்கிறது, சிகரெட் பத்துறது எல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம். பொய் மட்டும் ஆகாது. பொய் சொல்லுற ஆக்களோட நான் சம்பந்தம் வைக்கமாட்டன், விளங்குதோ?"

"ஓம் மாமா, விளங்குது" என்றேன். அவர் பெண் தர முன்பே நான் அவரை மாமா ஆக்கிவிட்டேன். அவ்வளவு அவசரம்.

சந்திக்கிற அந்தச் சனிக்கிழமை என் பிறந்தநாள். "பிறந்தநாளும் அதுவுமா நல்ல காரியம் நடக்கட்டும். போன உடன வீடியோவில கூப்பிடு, பிள்ளையின்ர முகத்தை நான் பாக்கவேணும்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா உத்தரவு போட்டிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? வேலையில் பக்கத்து மேசைக் கிம்மிடம் சொல்லிவிட்டேன். ஆறடி உயரம், செம்பட்டைத் தாடி, நாள் முழுக்க இரண்டு வார்த்தை பேசமாட்டான். அன்றைக்கு மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்டான். எத்தனை வயது ஆகப்போகிறது? இருபத்தைந்தா? இன்னும் கல்யாணம் ஆகவில்லையா? எந்தப் பாதை? எத்தனை மணிக்கு? டேனிஷ்காரருக்குப் பாசம் இல்லை என்று எவன் சொன்னது என்று நினைத்து நெகிழ்ந்துபோய், வரைபடத்தையே எடுத்துக் காட்டினேன்.

சனிக்கிழமை காலையில் அத்தான் என்னையும் தன் சைக்கிளையும் காரில் கொண்டுபோய்ப் பாதைத் தொடக்கத்தில் இறக்கிவிட்டார். அந்தச் சைக்கிளின் பின்னால் அக்கா மகளின் குழந்தை இருக்கை பூட்டியிருந்தது. கழற்ற நேரமில்லை. அதில் அக்கா சுட்ட வடைப் பெட்டியை வைத்துக் கட்டினேன். மடிப்புக் குலையாத நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் வடை. ஆகா, என்ன பாதை அது! மரங்கள் இரண்டு பக்கமும் குடை பிடிக்க, ஏரித் தண்ணீர் மினுங்க, நான் எனக்கு நானே கல்யாண மேளம் வாயால் கொட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஐந்தாறு பேர் "ஓ" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள்.

ஊரில் எத்தனையோ இராணுவச் சுற்றிவளைப்புகளைப் பார்த்தவன் நான். கை தானாகவே மேலே போய்விட்டது. பிறகுதான் முன்னால் நிற்பது கிம் என்று தெரிந்தது. பின்னால் எங்கள் பொதி கட்டும் பகுதி முழுவதும் நின்றது. ஒருத்தியின் கையில் டேனிஷ் கொடி. ஒருவன் என் கண்ணில் நீச்சல் கண்ணாடியை மாட்டினான். இரண்டு பேர் என்னை வழிகாட்டிக் கம்பத்தோடு சேர்த்து நிறுத்தி ஒட்டு நாடாவால் சுற்றினார்கள். பொதி கட்டுவதில் அனுபவசாலிகள், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"கிம்! என்ன செய்கிறாய்? எனக்கு இன்றைக்கு முக்கியமான அலுவல் இருக்கிறது!"

"தெரியும்" என்றான் கிம். அதோடு ஒரு வாளி ஏரித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். பிறகு எல்லோரும் பைகளைப் பிரித்தார்கள்.

கறுவா! பொடித்த கறுவாப் பட்டை! எங்கள் அக்கா ஒரு வருடம் முழுக்க இறைச்சிக் கறிக்குச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுகிற சாமானை, சீமெந்து கொட்டுகிற மாதிரி என் தலையில் கொட்டினார்கள். "ஐயோ அம்மா!" என்று வாயைத் திறந்தேன், வாய்க்குள்ளும் போனது. மூக்கு எரிந்தது, தொண்டை எரிந்தது, காதுக்குள் கறுவா, சட்டைக்குள் கறுவா, இன்னும் சொல்லக்கூடாத இடங்களிலும் கறுவா. அவர்களோ கைதட்டி எனக்குப் பிறந்தநாள் பாட்டுப் படித்தார்கள்.

இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் கட்டாதவர்களுக்கு இந்த நாட்டில் செய்கிற மரியாதையாம் இது. கிம் பொறுமையாக விளக்கினான். "முப்பது வயதிலும் கட்டாவிட்டால் மிளகு." அதைத் தடுக்கத்தானே பாவி நான் போய்க்கொண்டிருந்தேன்! நாடாவை வெட்டி, வாழ்த்துச் சொல்லி, கையில் ஒரு பியரைத் திணித்தார்கள். தொண்டை எரிந்த எரிச்சலில் பாதியைக் குடித்தேன், மீதி சட்டையில் சிந்தியது. வடை முழுவதையும் அவர்களே தின்று முடித்து, "மிகவும் ருசி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஏரியில் இறங்கிக் கழுவலாம் என்று போனேன். கறுவாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? பாகு போல வழுவழுவென்று பிடித்துக்கொள்ளும். கழுவக் கழுவ வடிவாகப் பூசுப்பட்டதுதான் மிச்சம். தொலைபேசியில் அத்தானைக் கூப்பிட்டேன்.

"காரைக் கொண்டு வாங்கோ அத்தான், உடன!"

"எடேய், அந்தப் பாதையில கார் விடமாட்டாங்களடா! அதுக்குத்தானே அங்க போனனி!"

இரண்டு பக்கமும் காடு. திரும்பிப் போனாலும் மிதிக்க வேண்டும், முன்னால் போனாலும் மிதிக்க வேண்டும். போகாமல் விட்டால், சொன்ன சொல் தவறியவன் என்று அந்த மனிதர் என்னைத் தள்ளிவிடுவார். முன்னாலேயே போனேன்.

கடை வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். சைக்கிளை விட்டு இறங்கி, கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றேன். மாமி இரண்டு அடி பின்னால் போனார்.

"கடவுளே, இது ஆரப்பா?"

"நான்தான் மாமி. மாப்பிள்ளை."

மாமியின் கண் என்னிலிருந்து சைக்கிளுக்குப் போனது. "பின்னால பிள்ளைச் சீற்றும் இருக்கு!" என்று கணவரின் கையைப் பிடித்தார்.

மாமா கிட்ட வந்து முகர்ந்து பார்த்தார். அந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "கறுவா வாசம். அதோட பியர் வாசம். தம்பி, என்ன நடந்தது? உண்மையைச் சொல்லும்."

உண்மையைச் சொன்னேன். வேலையிடத்து ஆட்கள் காட்டுக்குள் ஒளித்திருந்து, கட்டி வைத்து, இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் கட்டாத குற்றத்துக்காகக் கறுவா கொட்டினார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது. மாமாவின் முகம் இறுகியது.

"முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன். டேனிஷ்காரன் கறுவாவைப் பணிசு, கேக்குக்குப் போடுவான், ஆளுக்குப் போடமாட்டான். குடிவெறியில விழுந்து எழும்பி வந்திட்டு எனக்குக் கதை விடுறீரோ? நேற்றே சொன்னனான், பொய் எனக்கு ஆகாதெண்டு." சைக்கிளைத் திருப்பினார். "வாங்கோ, போவம்."

என் கதை அவ்வளவுதான் என்று நின்றேன். வாழ்க்கையில் ஒரு நாளாவது முழு உண்மை பேசியவனுக்குக் கிடைத்த பலன்!

"அப்பா, நில்லுங்கோ." அதுவரை குனிந்து நின்ற சிந்துஜா நிமிர்ந்தாள். அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "அவர் சொல்லுறது உண்மை. இஞ்ச அப்பிடித்தான் செய்வினம்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் கண்ணால் என்னவோ சைகை காட்டினார். அவள் ஒரு மூச்சு இழுத்தாள்.

"எனக்கும் கொட்டினவை."

"எப்ப?"

"ரெண்டு வருசத்துக்கு முதல்."

"அண்டைக்குக் கறுவா மணத்தோட வந்து, சிநேகிதி வீட்டில பணிசு சுட்டதெண்டு சொன்னியேடி!" என்று மாமி கத்தினார். கத்திய பிறகுதான் நிலைமை அவருக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுவா இருபத்தைந்துக்கு. அது இரண்டு வருடத்துக்கு முதல். அப்படியானால்... ரதி அன்ரி சொன்ன இருபத்திமூன்று? சாதகத்தில் நம்பிக்கையில்லாத முற்போக்கு? பொய்யே ஆகாத மாமா ஏரியைப் பார்த்தார். மாமியும் ஏரியைப் பார்த்தார். வாத்துகளைத் தவிர எல்லோருக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் இருந்திருந்தால் நான்தான் பொய்காரனாகப் போயிருப்பேன், அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. முன்பின் அறியாத ஒருவனுக்காகத் தன்னை மாட்டிவைத்திருக்கிறாள். அந்த இடத்தில் ஒரு ஆண்பிள்ளை நெஞ்சைத் தொடுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்?

"பரவாயில்லை அக்கா" என்றேன்.

சத்தியமாக வாய் தவறித்தான் வந்தது. மூத்தவள் என்று மூளைக்குத் தெரிந்ததும் நாக்கு தன்பாட்டில் மரியாதை கொடுத்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை அக்கா என்று கூப்பிட்ட ஒரே மாப்பிள்ளை நான்தான். அவள் நிலத்தில் குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண்ணே வெளியில் வந்து பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. அம்மா, வீடியோவில். பதற்றத்தில் அழுத்திவிட்டேன்.

"ஐயோ! ஆரடா நீ? என்ர பிள்ளையின்ர போன் உனக்கெப்பிடிக் கிடைச்சது?"

"அம்மா, நான்தான்!" கறுவாவிலிருந்து வயது வரை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமாவும் மாமியும் தீர்ப்புக்கு நிற்பவர்கள் போல நின்றார்கள். இரண்டு வயது மூத்த மருமகளை ஊரில் எந்தத் தாய் ஏற்பாள்? அம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"அந்தப் பிள்ளை இன்னும் அங்கதான் நிக்குதோ?"

"ஓம் அம்மா. சிரிச்சுக்கொண்டு நிக்கிறா."

"உந்தக் கோலத்தில உன்னைப் பாத்தும் ஓடாமல் நிக்கிறாளெண்டால், வயசாவது மண்ணாவது! விட்டிடாதை மோனே. உனக்கு இனி வேற ஆரும் கிடைக்காது."

அடுத்த வருடம் கல்யாணம். கிம் ஒரு பெரிய பொதியோடு வந்தான். பிரிக்கும்வரை நான் எட்டியே நின்றேன். நல்லவேளை, கோப்பைகள்தான்.

மாமா அன்றிலிருந்து திருந்திவிட்டார். இப்போது யாராவது அவரிடம் சம்பந்தம் பேசி வந்தால் சாதகமும் கேட்பதில்லை, வயதும் கேட்பதில்லை. "பிள்ளைக்குக் கறுவா கொட்டியாச்சோ?" என்று மட்டும் கேட்கிறார். இங்கே பாதித் தமிழர் வீடுகளில் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் நீளாது. பிழை என்னுடையது என்றால், (பெரும்பாலும் என்னுடையதுதான்) சிந்துஜா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். எங்கள் மகள் சோபாவில் இருந்தபடி "அப்பா, சொல்லுங்கோவன்" என்பாள்.

"சரி, பரவாயில்லை அக்கா" என்பேன்.