நான்கு மீட்டர் நடை

அன்று பிசியோதெரபி கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நில அளவையர், அவர் மனைவி, கைத்தடியும் கையுமாக வந்த அவருடைய அக்கா, நேரம் பார்க்கும் கருவியோடு நின்ற பெண் டாக்டர், வாசல் மேசையில் சீட்டு எழுதும் பெண். ஆறாவதாக நானும் இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தரையில் நீல நாடா ஒட்டியிருந்தது. நீளம் நான்கு மீட்டர். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கால் தளர ஆரம்பித்திருக்கிறதா என்று, அவர்களுக்கே தெரியும் முன் கண்டுபிடிக்கும் சோதனை.

சோதனை உண்மையில் மனைவிக்கு. அது அவளுக்குத் தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து மாலையில் இருவரும் ஆற்றுப்பாலம் வரை நடப்பார்கள். தெருவிளக்கு எரியும் முன் போய்ச் சேர்ந்து, கைப்பிடியில் முழங்கை ஊன்றித் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பார்கள். பேச்சு அதிகம் இராது. மூன்று வருடமாக அந்த நடை தெருமுனைத் தபால்பெட்டியோடு நின்றுவிட்டது. அவள் மெதுவாக நடப்பதைப் பார்த்து அவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். தபால்பெட்டி வந்ததும், "திரும்பிடலாமாங்க?" என்பாள். திரும்பிவிடுவார்கள்.

வேலை முடிந்து வரும்போது சில நாள் அவர் தனியாகப் பாலத்தில் நின்று பார்த்ததுண்டு. தனியாக நின்றால் அது வெறும் சிமெண்ட்.

அவளிடம் காலைப் பற்றிக் கேட்டால் ரோஷப்படுவாள். அதனால் டாக்டரிடம் ரகசியமாகப் பேசிவிட்டு வந்து, "எனக்கு முட்டி லேசாப் பிடிக்குது. காட்டணும், துணைக்கு வா" என்றார். அவள் உடனே சம்மதித்தாள்.

நாற்பத்தொன்பது வயதில் அவர் சொன்ன முதல் பொய் அது. இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பதால் அவருக்கு அது ஒழுங்காகவும் வரவில்லை. சந்தேகம் வராதிருக்க வீட்டில் நொண்டினார்.

"ஏண்டா தம்பி, நேத்து இடது காலு, இன்னைக்கு வலது காலா?" என்றாள் அக்கா.

"அது... மாறிடுச்சுக்கா."

"மாறலடா, பரவுது!"

அக்கா அன்றே கைத்தடி வாங்கினாள். கடைக்காரர் கேட்காமலே காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். செய்தி அவரை முந்திக்கொண்டு அலுவலகம் போனது. மேலதிகாரி வெளிவேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, வரைபட அலமாரிக்குப் பக்கத்தில் இவருக்கு நாற்காலி போட்டார். மெத்தை வைத்த நாற்காலி. கௌரவம் அங்கேதான் அடிபட்டது.

இப்போது நாடாவின் மேல் முதலில் அவர் நடந்தார், நொண்டியபடி. ஏழு விநாடி. அக்கா மூக்கைச் சிந்தினாள். மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"துணைக்கு வந்தவங்களும் ஒரு தடவை நடங்கம்மா" என்றார் டாக்டர், பேசி வைத்தபடி.

மனைவி கைப்பையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். இரண்டே முக்கால் விநாடி. நாடா முடிந்தும் நிற்காமல் எதிர்ச்சுவர் வரை போனாள்.

அளவையர் நொண்ட மறந்து அவள் பின்னால் ஓடினார்.

"இப்படி நடக்கத் தெரிஞ்சவ இத்தனை நாளா ஏன் நடக்கல?"

"நீங்க மட்டும்? இப்ப ஓடி வந்தீங்களே, அது யாரு காலு?"

டாக்டர் ஏழு விநாடியையும் இரண்டே முக்கால் விநாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பிக்குக் கால் போயிடுச்சுன்னு ஊரே பேசுது. அவனுக்கா, இவளுக்கா? யாருக்குத்தான் போச்சு?"

சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமலே சொன்னாள்: "யாருக்கும் எதுவும் போகலைங்க, போன வாரம் இந்தம்மா தனியா வந்து, 'வீட்டுக்காரருக்கு ஒரு தடவை கால் சுளுக்குனதிலேர்ந்து, மூணு வருஷமா அவரால வேகமா நடக்க முடியல, சொன்னா ரோஷப்படுவாரு, அவருக்காக நானும் மெதுவா நடக்கறேன், ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிட்டு வரேன்'னு சொல்லிச் சீட்டு வாங்கிட்டுப் போனாங்க."