உடும்பும் என் பிளாஸ்டிக் நாற்காலியும்

கோத்தகிரியில் இதுவரை நடமாடிய மனிதர்களில் சுவரைச் சுவராகப் பார்க்காத ஒரே ஆள் உடும்புதான். நமக்கெல்லாம் சுவர் என்றால் சாய்ந்து நிற்க, போஸ்டர் ஒட்ட. அவருக்கு அது ஏறுவதற்கு. நம்மோடு நின்று பேசிக்கொண்டே இருப்பார். விரல் மட்டும் பின்னால் எங்கே பிடி இருக்கிறது என்று துழாவிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு எரியவில்லை என்று ஏணி தேடிப் போனவர்கள் திரும்பி வருவதற்குள், தூணில் ஏறிச் சரிபண்ணிவிட்டுப் பந்தியில் முதல் ஆளாக இருப்பார். அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து இல்லை, நாற்காலி மேல் குந்தி.

டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்தைந்து தாண்டிய வயது. முருங்கைக்காய்க்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருப்பார். கோயமுத்தூர் மலையேறிகள் யாரிடமோ முறையாகக் கற்றுக்கொண்டு, அவர்களிடமே கயிறும் இடுப்புப் பட்டையும் வாங்கிவந்து, கட்டபெட்டு பக்கம் தேயிலைக்காட்டு ஓரத்தில் இருக்கும் பெரிய பாறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். ஒருமுறை பைக்கில் வந்த இளவட்டங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்களுக்கு எதுக்குங்க தம்பி இது? நீங்க உழுந்தா தானா எந்திரிச்சுக்குவீங்க. ஐம்பது ஆகட்டும், வாங்க."

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன். மண்வெட்டியும் கவாத்துக் கத்தியும் தலையில் சுமந்து எஸ்டேட் எஸ்டேட்டாக விற்றவன். இன்றைக்கு கோத்தகிரி பஜாரில் மூன்று ஷட்டர் வைத்த ஹார்டுவேர் கடை. என் கடைக் கயிற்றால் கட்டப்படாத மாடு இந்த மலையில் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் உட்கார்ந்து தொழட்டும் என்று பள்ளிவாசலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தவனும் நானே. ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் கடைப் பெயரைப் பெரிதாக எழுதித்தான் கொடுத்தேன்.

அதில் ஒன்று எனக்கே வந்து சேர்ந்ததுதான் கூத்து. ஒருநாள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரையை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தவன், எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பீரோவைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "முட்டி கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். உக்காந்தே கெடந்தா இன்னும் மோசமாகும், நடங்க" என்றார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. கீழே போனால் மேலே வரமாட்டேன் என்ற பயம். முதல் வரிசையிலேயே நின்று தொழுதவன், கடைசி வரிசையில் என் கடைப் பெயர் மேலேயே சாய்ந்துகொண்டு தொழுதேன். எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும்போது நான் மட்டும் குனிந்து நெற்றியைக் காற்றில் வைப்பேன். சொந்த வீட்டு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்புகிற மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய பேச்சுப் பேசியே பழகிய வாயில் இந்த மாதிரிப் பேச்சு லேசில் வராது.

அந்த நேரத்தில்தான் உடும்பு கடைக்கு வந்தார். புதிதாக இறங்கிய நைலான் கயிற்றை ஷட்டர் கம்பியில் மாட்டி, கடை நடுவிலேயே தொங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது மாட்டக் கட்டறதுக்கு நல்லாருக்கும். மனுசனக் கட்டறதுக்கு ஆகாதுங்க."

"இந்தக் கயித்துல லாரியவே இழுக்குறாங்கய்யா!"

"லாரிக்கு உசுரு இல்லீங்களே."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் கயிற்றைக் குறை சொன்னால் என் வாப்பாவைக் குறை சொன்ன மாதிரி. மறுநாள் காலையில் இருப்பதிலேயே உசத்தியான கயிற்றையும், ஆளுக்குப் பதிலாக என் கனத்துக்கு ஒரு உருளைக்கிழங்கு மூட்டையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கட்டபெட்டு போனேன்.

பாறை உச்சியில் கயிற்றைக் கட்டி, மூட்டையை விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிட்டார் உடும்பு. மூட்டை ஒரு ஆட்டம் ஆடியது. விளிம்பில் உரசிய கயிறு பட்டென்று அறுந்தது. மூட்டை வெடித்து ஊட்டி உருளைக்கிழங்கெல்லாம் தேயிலைச் செடிக்குள் ஓடி ஒளிந்தது. தள்ளிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தம் போட்டாள். "பாய், நாளைக்கு வெங்காயத்தக் கட்டி உடுங்க! கொழம்புக்கு ஆகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். உடும்பு மட்டும் சிரிக்கவில்லை. கீழே வந்து தன் பட்டையை என் இடுப்பில் மாட்ட ஆரம்பித்தார்.

"யோவ், எனக்கு முட்டி சரியில்ல."

"தெரியுமுங்க. காந்தத்தக் குச்சில கட்டிக் கீழ உழுந்த ஆணியப் பொறுக்கறீங்களே, அன்னிக்கே பாத்தனுங்க. குனியறதுக்கு என்னங்க பயம்?"

எப்படி என்று தெரியவில்லை, நாற்காலிக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "செரி, ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

ஆள் உயரம் ஏறியதும் மாட்டிக்கொண்டேன். கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது. பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கலிமா சொன்னேன்.

"பாறை என்ன உங்க சம்பந்திங்களா? எதுக்குக் கட்டிப்புடிக்கறீங்க? வயித்தத் தள்ளி வைங்க. கையி சும்மா தொணைக்குத்தான். கால நம்புங்க பாய்!"

"எறக்கி உடுய்யா!"

"கயிறு எங்கையில பத்தரமா இருக்குதுங்க. ஏறுனது நீங்க, எறங்கறதும் நீங்கதான்."

எனக்கு முன்னால் ஏறிப்போன ரிட்டயர்ட் நர்ஸம்மா, என்னைவிடப் பெரியவர், உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாய், மேல காத்து நல்லாருக்கு. ஃபிளாஸ்க்ல டீ ஆறுது."

அன்றைக்கு டீ கிடைக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து உடும்பு என் கடையைப் பாறையாக்கிவிட்டார். முதல் வேலையாகக் காந்தக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டார். கல்லா நாற்காலியைப் பரண்மேல் போட்டார். "எறக்கிக்கணும்னா நீங்களே ஏறி எடுங்க." ஆணி நிறுக்கும்போது ஒற்றைக்கால். கைப்பிடி தொடாமல் மாடிப்படி. வீட்டில் என் சம்சாரம் கேட்டாள், "ஏங்க, பல்லு வெளக்கும்போது எதுக்குக் கொக்கு மாதிரி நிக்குறீங்க?"

மழைக்காலம் போய், பாறை காய்ந்த ஒரு காலையில் நான் உச்சிக்குப் போய்விட்டேன். நர்ஸம்மா சூடாகவே டீ கொடுத்தார். இந்த மலையில் பாறை உச்சியில் குந்தி டீ குடித்த ஒரே ஹார்டுவேர்க்காரன் நான்தான். இன்னொருவர் இருந்தால் கடைக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அந்த வார வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. பாங்கு சொல்லும் மோதினார் வழக்கம்போல என் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். தாண்டிப் போய் வரிசையில் நின்றேன். சஜ்தாவுக்குப் போகும்போது நெஞ்சு அடித்த அடி இமாமுக்கே கேட்டிருக்கும். நெற்றி தரையில் பட்டது. விரிப்பின் தூசி வாசம்கூட எனக்கு அத்தராக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. அதோடு, எழ வேண்டுமே என்ற பழைய பயமும் வந்தது. தரையை இறுக்கப் பிடித்தேன். காதுக்குள் அந்தக் குரல்: "கட்டிப்புடிக்காதீங்க, கால நம்புங்க பாய்." எழுந்துவிட்டேன்.

முடிந்ததும் பக்கத்து ஆள் காதைக் கடித்தார். "முட்டி ஆபரேசனா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. உடும்பு."

வெளியே வந்தால், எதிர்க் கட்டடச் சுவர்மேல் குந்தியிருந்தார்.

"எந்திரிச்சீங்களா?"

"எந்திரிச்சேன்."

"கையூனுனீங்களா?"

"லேசா."

"அடுத்த வாரம் ஊனாதீங்க." இறங்கிப் போய்விட்டார். கட்டிப்பிடிக்கலாம் என்று கையை விரித்தவன் அப்படியே நின்றேன்.

இப்போது உடும்பு திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் ஒரே புலம்பல். "இந்த ஊர்ல ஒரு பாறையுமில்லீங்க பாய். ரெண்டாவது மாடி பால்கனியில வாட்ச்மேன் புடிச்சுட்டான்."

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "அதான் எல்லாருக்கும் உடும்புன்னா தெரியுதுங்களே" என்றார். அதனால் தொழுது முடித்துக் கையேந்தும்போது, பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் வியாபாரத்துக்கும் கேட்டுவிட்டு, கடைசியாக, "யா அல்லாஹ், உடும்புக்கு நீண்ட ஆயுளைக் கொடு" என்கிறேன். எந்த உடும்பு என்று அவனுக்குத் தெரியும்.