டுன்யாவின் கழுத்தில் காற்று

“சார், கழுத்துல காத்து அடிக்குது.”

சக்கர நாற்காலியிலிருந்து டுன்யா மெதுவாகத்தான் சொன்னாள். கணினி ஆசிரியர் வுகாஷின் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

எங்கள் நீஷ் நகரில் பனிக்கு யாரும் பயப்படுவதில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓடுகிற காற்று பட்டால் நோய் வரும் என்று மட்டும் ராணுவத் தளபதிகூடக் கழுத்தைப் பொத்திக்கொள்வார்.

அரைமணி நேரத்தில் மாவட்டப் போட்டிக்கான தேர்வு. வகுப்பில் ஜெயிக்கக்கூடியவள் டுன்யா ஒருத்திதான். மேசைக்கு அடியில் இழுப்பறை தடுத்ததால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“புள்ளைக்குக் கிட்னி போயிடும்! கதவைச் சாத்துங்க, நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா?” என்று துடைப்பத்தோடு பாய்ந்து வந்தாள் பள்ளியைச் சுத்தம் செய்யும் ஸ்தானியா.

வுகாஷின் கதவைச் சாத்தினார். டுன்யாவின் மேசையைப் பின்சுவர்ப் பக்கம் இழுத்தார். ஒயர்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. ஒரு வரிசை முழுக்கத் திரை இருண்டது. பையன்கள் கைதட்டினார்கள்.

“இப்ப எப்படி?”

“இப்ப இடுப்புல, சார்.”

“இடுப்பா!” ஸ்தானியா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அவளுக்குச் சுற்றினாள்.

வுகாஷின் மேசையை நடுவே தள்ளினார். இழுப்பறை கழன்று அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. வலியோடு அதைத் திரும்பச் செருகினார். கதவிடுக்கில் துணி திணித்தார்கள். அறை அடுப்பானது. வுகாஷினின் மூக்குக்கண்ணாடி மூடுபனியானது.

“இப்பவாவது?”

“காதுல.”

“ஐயையோ! எங்க மச்சானுக்குக் காதுல காத்து பட்டுத்தானே வாய் கோணிப்போச்சு!”

மிச்சமிருந்தது ஒரே இடம். அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாய் ஓரத்தில் வுகாஷினின் சொந்த மேசை. அகலமானது, அடியில் காலியானது. தலைமையாசிரியரையே அதில் சாய விட்டதில்லை அவர்.

“எடுத்துக்கோ தாயே! என் காப்பியைத் தவிர எல்லாத்தையும் எடுத்துக்கோ!”

நொண்டிக்கொண்டே தன் சாமான்களை அள்ளினார். சக்கர நாற்காலி அவள் முழங்காலோடு மேசைக்கடியில் போனது. முதல் தடவையாக டுன்யாவின் இரண்டு கைகளும் விசைப்பலகைக்கு வந்தன.

“இங்க காத்து?”

“துளிகூட இல்லை, சார்.”

ஜன்னல் இடுக்கிலும் துணி அடைக்கப் போன ஸ்தானியா, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இடுக்கே இல்லை.

“ஏ கண்ணு, இதெல்லாம் பெயிண்டு ஒட்டி எந்தக் காலத்துலயோ இறுகிக் கிடக்கு. காத்து எங்கேருந்துடி வந்துச்சு?”

டுன்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன வருஷத்துலேருந்து முட்டி இடிக்குது, முட்டி இடிக்குதுன்னு சொல்லிப் பார்த்தேன் அக்கா. ஒருத்தரும் மேசையைத் தொடலை.”